கயிற்றில் கட்டிய ஓப்பனர்

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் வடம் பிடித்துவிட்டு ஒதுங்குகிற கூட்டத்துக்கு முதலில் வேண்டியது நிழல். அடுத்து, தொண்டைக்குக் குளிர்ச்சியாக ஏதாவது. நீர்மோர்ப் பந்தலில் வரிசை நீண்டுகொண்டே போகும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பெட்டிக்கடைப் பக்கம் திரும்புவார்கள். "அண்ணாச்சி, ரெண்டு கலர் குடுங்க" என்றால் போதும். தென்மாவட்டங்களில் பவண்டோவோ பன்னீர் சோடாவோ ஆரஞ்சோ, எல்லாம் கலர்தான்.

அண்ணாச்சி பாட்டிலை எடுத்து, தோளில் கிடக்கும் துண்டால் அதன் வாயை ஒரு துடை துடைப்பார். கடையின் முன்பலகையில் ஆணி அடித்து, சணல் கயிற்றில் தொங்கவிட்டிருக்கும் இரும்புத் துண்டு தானாகவே அவர் கைக்கு வந்துவிடும். பார்க்கக்கூட மாட்டார். மூடியின் மேல் வைத்து மணிக்கட்டை ஒரு தூக்கு. 'டப்' என்று ஒரு சத்தம், வாயில் மெல்லிய புகை, மூடி பழைய பெயின்ட் டப்பாவுக்குள் விழுகிற 'கிளிங்'. எல்லாம் சேர்த்து ஒரு நொடிதான். அந்த இரும்புத் துண்டுதான் ஓப்பனர். எத்தனையோ வருடங்களாகக் கை பட்டுப் பட்டு அதன் பிடி வழவழவென்று ஆகியிருக்கும். குளிர்பானக் கம்பெனி கொடுத்ததாக இருந்தால் அதில் பொறித்த பெயர் பாதி அழிந்திருக்கும்.

கயிற்றில் கட்டுவது தொலைந்துபோகாமல் இருக்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கயிற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஓப்பனர் கடைக்காரரிடம் இருக்கும் வரை, பாட்டில் திறப்பதும் கடையிலேயே நடக்கும். கடையில் திறந்ததைக் கடையிலேயே நின்று குடிப்பார்கள். குடித்த பாட்டில் அங்கேயே பெட்டிக்குள் திரும்பும். மூடியின் வாழ்க்கை ஒரே ஒரு தடவை. பாட்டிலோ ஆலைக்கும் கடைக்கும் இடையே இருபது முப்பது தடவை போய் வரும். ஓப்பனர் அப்பா காலத்திலிருந்து மகன் காலம் வரை அதே ஆணியில் தொங்கும். இந்த மூன்றுக்கும் உள்ள உறவில்தான் ஒரு காலத்துக் குளிர்பான வியாபாரம் முழுக்க நின்றது.

ஓப்பனர் செய்கிற வேலை எளிதாகத் தெரிந்தாலும், அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண சோடா மூடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கால் மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள எஃகுத் தகடு. விளிம்பு நெளிநெளியாக, பற்கள் பற்களாக மடிந்திருக்கும். எண்ணினால் 21 வரும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம். முன்பு அந்த இடத்தில் தக்கை இருந்தது. ஆலையில் இந்த மூடியை பாட்டில் வாயில் வைத்து எந்திரம் அழுத்தும்போது, பற்கள் கண்ணாடி உதட்டுக்குக் கீழே மடிந்து கவ்விக்கொள்கின்றன. உள்ளே அடைபட்ட வாயு, வெளியிலுள்ள காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தோடு மேலே தள்ளுகிறது. அதையெல்லாம் தாங்கி நிற்கிற பிடி அது. வெறும் விரலால் அசையாது.

ஓப்பனரின் வளையத்துக்குள் இரண்டு இடங்கள் முக்கியம். தூரத்து விளிம்பு மூடியின் தலையில் ஊன்றிக்கொள்ளும். கைப்பிடிப் பக்கம் உள்ள சின்ன உதடு மூடியின் பற்களுக்கு அடியில் புகுந்துகொள்ளும். பிடியைத் தூக்கினால் ஊன்றிய இடம் ஆதாரப்புள்ளியாகிறது. பற்கள் பளு. கை மறுகோடியில். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகை நெம்புகோல் என்று பாக்குவெட்டியோடு சேர்த்துச் சொல்லித்தருவது இதைத்தான். ஊன்றிய இடத்திலிருந்து பற்கள் இரண்டு சென்டிமீட்டர், கை பத்து சென்டிமீட்டர் என்றால், கை கொடுக்கிற விசை ஐந்து மடங்காகி மூடியைச் சேரும். பத்து வயதுப் பையனும் திறக்க முடிவது அதனால்தான். சில ஓப்பனர்களில் உதடு தூரத்துக் கோடியில் இருக்கும். அப்போது பிடியைக் கீழே அழுத்த வேண்டும். அது முதல் வகை நெம்புகோல், கடப்பாரையால் கல்லைப் புரட்டுகிற அதே முறை.

மூடியும் ஓப்பனரும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த வில்லியம் பெயின்டர் என்ற பொறியாளர், இந்தக் கிரவுன் மூடிக்கு 1892 பிப்ரவரியில் காப்புரிமை வாங்கினார். நெளிந்த விளிம்போடு கவிழ்த்து வைத்த கிரீடம்போல் இருந்ததால் அந்தப் பெயர். முதலில் 24 பற்கள். 21 ஆனது பிற்பாடு. மூடி நன்றாகக் கவ்வியது, வாயு கசியவில்லை, விலையும் மலிவு. ஆனால் வீட்டுக்கு வாங்கிப் போகிறவர் எதை வைத்துத் திறப்பார்? அந்தக் கேள்விக்கும் பெயின்டரே விடை தேடி, மூடி திறக்கும் கருவிக்கு 1894இல் தனியாக ஒரு காப்புரிமை பெற்றார். பூட்டைச் செய்தவரே சாவியையும் செய்து கொடுத்தார். அவர் தொடங்கிய கிரவுன் கார்க் அண்ட் சீல் கம்பெனி, கிரவுன் ஹோல்டிங்ஸ் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது.

அந்தக் கம்பெனியில் விற்பனையாளராக வேலை பார்த்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிகிற பொருளாக ஏதாவது கண்டுபிடி, வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார் என்று பெயின்டர் அவருக்கு யோசனை சொன்னார். ஜில்லெட் பிளேடு பிறந்தது அதிலிருந்து. 1904இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. தூக்கி எறிகிற பொருள் என்ற எண்ணத்தைப் பெரிய வியாபாரமாக்கியவர்களில் பெயின்டர் முன்னோடி. ஆனால் அவர் தூக்கி எறியச் சொன்னது சின்ன மூடியை மட்டும்தான். பாட்டில் திரும்பி வந்தாக வேண்டும் என்பதுதான் அவர் காலத்துக் கணக்கு.

கிரவுன் மூடி தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் காலூன்றுவதற்கு முன்பு இங்கே கோலி சோடா வந்துவிட்டது. அதை உருவாக்கியவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். அவரும் பெயின்டரும் பிறந்தது ஒரே ஆண்டில், 1838இல். காட் 1870களின் தொடக்கத்தில் உருவாக்கிய பாட்டிலில் மூடியே கிடையாது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம். வாயு கோலியை மேலே தள்ளி ரப்பரோடு அழுத்தும், அதுவே அடைப்பு. திறக்க வேண்டுமானால் கோலியை உள்ளே தள்ள வேண்டும். பழகிய கடைக்காரருக்குக் கட்டைவிரல் போதும். மற்றவர்கள் குமிழ் வைத்த மரக்கட்டையை வாயில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். 'கீச்'சென்று வாயு பீறிட, கோலி கழுத்துப் பள்ளத்தில் இறங்கி உட்காரும். குடிக்கும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல், பள்ளம் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி பாட்டிலைச் சாய்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதே பாட்டிலில்தான் விற்கிறது. ஒவ்வொரு பாட்டிலோடும் கோலியைத் தள்ளுகிற பிளாஸ்டிக் கட்டை ஒன்றைச் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

கோலி சோடாவின் பெரிய வசதி, அதைத் தயாரிக்கப் பெரிய ஆலை தேவையில்லை. தண்ணீர், வாயு சிலிண்டர், பாட்டில்களை வைத்துச் சுழற்றுகிற ஒரு பெட்டி எந்திரம், தெருவில் ஒரு சின்ன அறை. ஊருக்கு ஊர் சோடா கம்பெனி முளைத்தது இப்படித்தான். தலைவலி தரும் வேலை ஒன்று மட்டும் இருந்தது, கழுவுவது. உள்ளே கோலி கிடப்பதால் பிரஷ் எளிதாகப் போகாது. பாட்டில் செய்வதும் கடினம், கழுவுவதும் கடினம். அகலமான வாயும் வழவழப்பான கழுத்தும் கொண்ட கிரவுன் பாட்டிலை எந்திரத்திலேயே கழுவி, நிரப்பி, மூடிவிடலாம். உலகம் முழுக்கக் கோலியை மூடி வென்றதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கதையின் முக்கியமான ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. சிவகாசியைத் தாண்டிப் போனால் விருதுநகர். அது விருதுபட்டி என்ற பழைய பெயரோடு இருந்த 1916ஆம் ஆண்டில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் அங்கே தொடங்கியதுதான் காளிமார்க். அடுத்தடுத்த தலைமுறைகள் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு அதை விரித்துக்கொண்டு போயின. 1950களின் பிற்பகுதியில் பவண்டோ வந்தது. திராட்சை வாசனையும் கோலாவின் நிறமும் கலந்த அந்தக் கருஞ்சிவப்புப் பானம், மதுரைக்குத் தெற்கே கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் தன் இடத்தை உறுதியாகப் பிடித்தது. பெரிய விளம்பரங்களின் துணையில்லாமல், பெட்டிக்கடை அண்ணாச்சிகளின் கை வழியாக வளர்ந்த பானம் அது. அந்தக் கையில் இருந்தது ஓப்பனர்.

கண்ணாடி பாட்டில் வியாபாரத்தில் கடைக்காரரின் முதலீடு பானத்தில் மட்டும் இல்லை. பெட்டிக்கும் காலி பாட்டிலுக்கும் அவர் முன்பணம் கட்டியிருப்பார். 24 பாட்டில் எடுத்தால் 24 காலி பாட்டில் திரும்ப வைத்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் அவர் கைக்காசு. ஆலையில் காலி பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்திப் பார்க்கும்போது வாயில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் கழித்துவிடுவார்கள். சில்லு போன வாயில் மூடி சரியாகக் கவ்வாது, கண்ணாடித் துணுக்கு உள்ளே விழுகிற அபாயமும் உண்டு. அப்படிக் கழிந்த பாட்டிலோடு அதற்கு மிச்சமிருந்த பயணங்களும் போய்விடும்.

யாராவது ஒரு பையன் வீரம் காட்டப் பல்லால் கடித்துத் திறக்கப் போனாலோ, பெஞ்சின் விளிம்பில் வைத்துத் தட்டப் போனாலோ, "தம்பி, இங்க குடு" என்று அண்ணாச்சி கையை நீட்டுவது இதனால்தான். பையனின் பல் எனாமலும் முக்கியம், பாட்டிலின் உதடும் முக்கியம். நல்ல ஓப்பனர் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. அதன் உதடு மூடியின் பற்களை மட்டும் பிடிக்கும். தடித்த உதடுள்ள மட்டமான ஓப்பனர் பற்களைத் தாண்டிக் கண்ணாடி வளையத்தில் இடிக்கும். ஒரு நாளைக்கு நூறு பாட்டில் திறக்கிற கடைக்கு இந்த வித்தியாசம் மாதக் கடைசியில் பணமாகத் தெரியும்.

வீடுகளில் கதை வேறு. விருந்தாளி வந்துவிட்டால் வீட்டுப் பையனை ஒயர்கூடையோடு கடைக்கு விரட்டுவார்கள். நாலு பாட்டில் கலர் வாங்கிவருவான், ஓப்பனர் வராது. கடை ஓப்பனர் கயிற்றில் இருக்கிறதே. அப்புறம் அடுப்படியில் ஆயுதம் தேடுவார்கள். கதவுத் தாழ்ப்பாளில் மூடியை மாட்டி இழுப்பது ஒரு வழி, பாதி பானம் தரைக்குப் போகும். கைதேர்ந்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர் பாட்டில் கழுத்தை இறுக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலை மூடிக்குக் கொஞ்சம் கீழே வைத்து, அந்த விரலின் மேல் கரண்டிக் காம்பை ஊன்றி ஒரே அமுக்கில் மூடியைத் தெறிக்கவிடுவார். விரல்தான் அங்கே ஆதாரப்புள்ளி. விரலுக்கும் மூடிக்கும் இடையே தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சுலபம். இந்தச் சூட்சுமம் தெரியாதவர்களுக்கு விரல் சிவந்ததுதான் மிச்சம்.

திறந்த மூடிகளுக்கும் ஒரு வாழ்க்கை இருந்தது. பெயின்ட் டப்பாவில் சேர்ந்தவற்றைப் பையன்கள் கேட்டு வாங்கிப் போய், கல்லால் தட்டித் தட்டையாக்கி, நடுவில் ஆணியால் இரண்டு துளை போட்டு நூல் கோப்பார்கள். இரண்டு கையாலும் முறுக்கி இழுத்தால் மூடி 'விர்ர்' என்று சுற்றும். பற்கள் விரிந்து கூரான விளிம்பாகிவிடுவதால் காகிதத்தை வெட்டும், கவனம் தப்பினால் விரலையும் வெட்டும். ஓப்பனரின் ஊன்றும் விளிம்பு குறுகலாக இருந்தால் மூடி நடுவில் மடங்கிவிடும், சுற்றுவதற்கு உதவாது. அகலமான விளிம்புள்ள ஓப்பனர் எந்தக் கடையில் இருக்கிறது என்பது அந்தத் தெருப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது.

கம்பெனிகளும் மூடியை விடவில்லை. 1980களில் கோல்டு ஸ்பாட் மூடிகளின் உள்பக்கம் ஜங்கிள் புக் பாத்திரங்களின் படங்கள் வந்தன. படலத்தை உரித்துப் பார்க்கிற அந்த நிமிடத்துக்காகவே பிள்ளைகள் கலர் கேட்டார்கள். இந்த விளையாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் சாட்சி. 1992இல் அங்கே பெப்சி மூடிக்குள் எண் அச்சிட்டுப் பரிசுப் போட்டி நடத்தியது. 349 என்ற எண்ணுக்குப் பத்து லட்சம் பெசோ வரை பரிசு என்று அறிவித்தார்கள். அந்த எண் தவறுதலாக லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகியிருந்தது. பரிசு கேட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். லாரிகள் எரிந்தன, உயிர்களும் போயின. கால் மில்லிமீட்டர் தகட்டுக்கு உள்ளே இருந்த மூன்று இலக்கங்களால் நடந்தது அது.

இந்தியாவில் 1977இல் கோகோ கோலா வெளியேறியபோது, உள்நாட்டுக் குளிர்பானங்களுக்குப் பெரிய மைதானம் கிடைத்தது. தம்ஸ் அப் அந்த ஆண்டுதான் வந்தது. அப்போது எல்லாமே கண்ணாடி, எல்லாமே கிரவுன் மூடி. 1990களில் பெப்சி வந்தது, 1993இல் கோக் திரும்பியது. தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாம் கோக் வசம் போயின. வியாபாரப் போட்டியைவிட ஓப்பனரை அதிகம் பாதித்தது பெட் பாட்டில்தான். திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கருவி வேண்டாம், கடையில் நிற்க வேண்டாம், திருப்பித் தர வேண்டாம். பஸ்ஸில் குடித்துக்கொண்டே போகலாம். கடைக்காரருக்கும் காலி பாட்டில் கணக்கு, உடைசல், முன்பணம் என்ற தொல்லைகள் விட்டன. வசதி என்று வந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வரும் பாட்டிலின் பாதை அதோடு அறுந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாலையோரமும் கண்மாய்க் கரைகளும் அதைக் காட்டுகின்றன. ஓப்பனர் தொங்கிய ஆணியில் இன்று ஷாம்பு சரம் தொங்குகிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் மெரினாவிலும் மதுரையிலும் மாநிலம் முழுக்கவும் வெடித்தபோது, வெளிநாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்கும் குரலும் சேர்ந்து எழுந்தது. மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போவதை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அதே சமயம் நடந்துகொண்டிருந்தது. 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்த நீதிமன்றம், 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த மாதங்களில் பவண்டோவை விரும்பிக் கேட்டு வாங்கிய இளைஞர்கள் ஏராளம். இருந்தாலும் அவர்கள் கையில் இருந்ததில் பெரும்பகுதி பெட் பாட்டில். ஊர்ப் பானம் திரும்பி வந்தது, ஊருக்குள் சுற்றுகிற பாட்டில் அந்த அளவுக்குத் திரும்பவில்லை.

கண்ணாடிக்கும் ஒரு கெட்ட முகம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. திரும்பி வராத கண்ணாடி பாட்டில் பிளாஸ்டிக்கைவிட ஆபத்தானது. மலையடிவாரத்தில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கும். 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடுகளின் ஓரத்தில் வாழும் ஊர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. நீலகிரியில் இந்தப் பிரச்சினை முற்றி, சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022இல் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பிற மாவட்டங்களுக்கும் அது பரவியது. அரசாங்கம் ஆணை போட்டுக் கொண்டுவந்த அந்த ஏற்பாட்டைத்தான், எந்த ஆணையும் இல்லாமல் ஒரு சணல் கயிறும் ஓர் இரும்புத் துண்டும் வைத்துப் பெட்டிக்கடைகள் காலங்காலமாக நடத்தின.

இப்போது கண்ணாடிக்கு மறுபடியும் கொஞ்சம் மவுசு வந்திருக்கிறது. கோலி சோடாவைப் புதுப் புதுச் சுவைகளில் விற்கிறார்கள், கல்யாண மண்டபங்களில் தனிக் கடையே போடுகிறார்கள். கண்ணாடி பாட்டில் பவண்டோவும் பன்னீர் சோடாவும் விருதுநகர் மாவட்டத்துக் கடைகளில் தேடினால் கிடைக்கின்றன. தேடிப்போய் வாங்கிக் கடையிலேயே குடித்துவிட்டு வருவது நல்லது.

வீட்டுக்கு ஓர் ஓப்பனர் வாங்குகிறவர்கள் சாவிக்கொத்தில் மாட்டுகிற மெல்லிய அலுமினியத் துண்டுகளை நம்ப வேண்டாம், பத்துப் பாட்டிலில் உதடு வளைந்துவிடும். பாத்திரக் கடையில் கேட்டால் எஃகுத் தகட்டிலோ வார்ப்பிலோ செய்தது கிடைக்கும். கையில் ஒரு பழைய சோடா மூடியைக் கொண்டுபோக வேண்டும். 32 மில்லிமீட்டர் அகல மூடி வளையத்துக்குள் இறுக்கமில்லாமல் உட்கார்கிறதா, உதடு பற்களுக்கு அடியில் மட்டும் புகுகிறதா, ஊன்றும் விளிம்பு மூடியின் நடுவைத் தாண்டிப் போய் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடி ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல் முழுதாகப் பதிகிற நீளமாவது இருக்கட்டும். பிடியின் கோடியில் ஒரு துளை இருந்தால் இன்னும் நல்லது, கயிறு கோத்து அடுப்படி ஆணியில் மாட்டிவிடலாம்.